கார் இல்லாமல் அசைய முடியாத நகரங்களுக்கு நடுவே அதிவேக ரயில் ஓடுமா?

கேள்வியில் உள்ள சந்தேகம் நியாயமானது. டல்லாஸ், ஹூஸ்டன், ஃபீனிக்ஸ், அட்லாண்டா மாதிரி பரந்து கிடக்கும் அமெரிக்க நகரங்களில் கார் இல்லாமல் ஒரு வேலையும் நடக்காது. இப்படி இரண்டு நகரங்களுக்கு இடையே மணிக்கு 300 கி.மீ. வேகத்தில் ரயில் விட்டாலும், இறங்கியதும் ஒரு கார் வேண்டும். அதற்கு வீட்டிலிருந்தே காரில் போய்விடலாமே என்று கேட்கிறீர்கள். என் பதில்: சில நகர ஜோடிகளுக்கு நன்றாகவே ஓடும், பலவற்றுக்கு ஓடாது. எது ஓடும், எது ஓடாது என்பதில் ரயிலின் உச்ச வேகத்துக்குப் பெரிய பங்கில்லை. தூரமும், இரு முனைகளும் எப்படி இருக்கின்றன என்பதும்தான் கணக்கு.

விமானத்தை வைத்து இதை யோசிப்பது எளிது. டல்லாஸ்–ஹூஸ்டன் தடத்தில் சவுத்வெஸ்ட் நிறுவனம் 1971-இல் பறக்கத் தொடங்கியது. இன்றைக்கும் அந்தத் தடத்தில் நாள் முழுக்க விமானங்கள் போய் வருகின்றன. அதில் வருகிறவர்களும் கார் இல்லாமல்தான் வந்து இறங்குகிறார்கள். வாடகைக் கார், டாக்ஸி, அழைத்துப் போக வந்த நண்பர் என்று ஏதோ ஒரு வழியில் ஊருக்குள் போய்விடுகிறார்கள். ஆகவே ‘இறங்கினால் கார் இல்லை’ என்ற ஒரே காரணத்தால் பயணிகள் வராமல் போவதில்லை. ஆனால் இதில் ரயிலுக்கு ஒரு நஷ்டம் உண்டு. பாரிஸிலோ டோக்கியோவிலோ ரயில் விமானத்தை வெல்வது, அது ஊரின் நடுவில் கொண்டுபோய் இறக்கிவிடுவதால். நடு என்று ஒன்று இல்லாத ஊரில் அந்த ஆயுதம் பாதி மழுங்கிவிடுகிறது.

இரண்டு முனைகளையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். புறப்படும் முனையில் பிரச்சினையே இல்லை. கார் உங்களிடம் இருக்கிறது. ஸ்டேஷன் வரை ஓட்டிப் போய் நிறுத்தலாம். பரந்த ஊர்க்காரர்களுக்கு இது பழகிய வேலை. போய்ச்சேரும் முனைதான் சிக்கல். ஆகவே நான் முதலில் கேட்கும் கேள்வி, இரண்டு ஊர்களில் ஒன்றிலாவது வெளியூர்க்காரர் கார் இல்லாமல் தன் வேலையை முடித்துக்கொள்ள முடியுமா என்பதுதான். முடியும் என்றால் மற்ற ஊர் எவ்வளவு பரந்து கிடந்தாலும் பரவாயில்லை.

இதற்கு அச்சு அசலான உதாரணம் லாஸ் வேகஸ். அந்த ஊரும் கார் ஊர்தான். ஆனால் அங்கே வருகிற சுற்றுலாப் பயணிகளில் பெரும்பாலோருக்கு வேண்டியது சூதாட்ட விடுதிகள் வரிசையாக நிற்கும் அந்த ஒரு நீண்ட சாலை மட்டும்தான். அங்கே கார் ஒரு தொல்லை. பிரைட்லைன் வெஸ்ட் நிறுவனம் அந்தச் சாலைக்குத் தெற்கே ஒரு ஸ்டேஷனும், மறுமுனையில் ராஞ்சோ குகமோங்காவில் ஒரு ஸ்டேஷனும் வைத்து 350 கி.மீ. பாதைக்கு 2024 ஏப்ரலில் அடிக்கல் நாட்டியது. ராஞ்சோ குகமோங்கா லாஸ் ஏஞ்சலஸ் நடுநகரிலிருந்து 60 கி.மீ. தள்ளி இருக்கிறது என்பதால் பலர் சிரித்தார்கள். எனக்கு அதில் சிரிக்க ஒன்றும் தெரியவில்லை. அந்த ஸ்டேஷனைச் சுற்றியுள்ள ரிவர்சைட், சான் பெர்னார்டினோ வட்டாரத்தில் மட்டும் சுமார் 46 லட்சம் பேர் இருக்கிறார்கள். அவர்கள் நடுநகருக்கு மேற்கே போய் ரயில் ஏறி, அதே வழியில் கிழக்கே திரும்பி வர வேண்டுமா என்ன? லாஸ் ஏஞ்சலஸ் நடுவிலிருந்து வருகிறவர்களுக்கு மெட்ரோலிங்க் புறநகர் ரயிலும் அங்கே வருகிறது.

இன்னொரு உதாரணம் அமெரிக்காவுக்கு வெளியே. சவூதி அரேபியாவின் ஹரமைன் ரயில், மக்காவையும் மதீனாவையும் ஜித்தா வழியாக இணைக்கிறது. சுமார் 450 கி.மீ., 300 கி.மீ. வேகம், 2018-இல் தொடங்கியது. ஜித்தா கார்களுக்காகவே பரந்து வளர்ந்த ஊர். ஆனாலும் ரயில் நிரம்புகிறது, ஏனென்றால் ஏறுகிறவர்களில் பெரும் பகுதி யாத்ரீகர்கள். அவர்களிடம் கார் கிடையாது. போய்ச் சேரும் இடமும் ஒரே இடம். நகரம் எவ்வளவு அடர்த்தி என்று பார்ப்பதைவிட, பயணம் எங்கே போய்க் குவிகிறது என்று பார்ப்பது மேல் என்று நான் சொல்வது இதை வைத்துத்தான்.

சரி, இரண்டு முனையும் மோசம் என்றால்? அங்கேதான் தூரம் வருகிறது. வீட்டு வாசலிலிருந்து போய்ச் சேரும் வாசல் வரை கணக்குப் போடுங்கள். டல்லாஸ்–ஹூஸ்டன் சுமார் 385 கி.மீ. டெக்ஸஸ் சென்ட்ரல் நிறுவனம் ஷிங்கான்சென் என்ற ஜப்பானிய அதிவேக ரயிலை வைத்து அதை 90 நிமிடத்தில் கடப்பதாகத் திட்டமிட்டது. ஸ்டேஷனுக்குப் போக அரை மணி, காத்திருக்க கால் மணி, இறங்கிக் கார் பிடித்துப் போக இன்னொரு அரை மணி. மொத்தம் இரண்டே முக்கால் மணி நேரம். காரில் போனால் நெரிசல் இல்லாத நாளில் மூன்றரை முதல் நான்கு மணி நேரம். விமானத்தில் பறப்பது ஒரு மணி நேரம்தான் என்றாலும் சோதனை, காத்திருப்பு, இறங்கி வெளியே வருவது எல்லாம் சேர்த்தால் அதுவும் மூன்றரை மணியைத் தொடும். ஆக, இரண்டு முனையிலும் நல்ல பஸ்கூட இல்லாத நிலையிலும் ரயில் முக்கால் மணி, ஒரு மணி நேரம் மிச்சப்படுத்துகிறது.

இதே கணக்கை டாம்பா–ஆர்லாண்டோவுக்குப் போடுங்கள். 135 கி.மீ. காரில் ஒன்றரை மணி நேரம். ரயிலில் நடு ஸ்டேஷன்களையும் சேர்த்து ஒரு மணி நேரம் என்றாலும், முன்னும் பின்னும் சேரும் ஒன்றே கால் மணியில் ரயில் தோற்றுவிடுகிறது. இந்தத் திட்டத்துக்கு வந்த 240 கோடி டாலர் மத்திய அரசுப் பணத்தை ஃபுளோரிடா ஆளுநர் ரிக் ஸ்காட் 2011 பிப்ரவரியில் திருப்பி அனுப்பினார். ரயில் ஆர்வலர்கள் அவரை இன்னும் திட்டுகிறார்கள். மயாமி வரை நீளப்போகும் பாதையின் முதல் துண்டு என்று பார்த்தால் அந்தத் திட்டுக்கு அர்த்தம் உண்டு. டாம்பா–ஆர்லாண்டோ மட்டும் என்றால், அது அதிவேக ரயிலின் பெயரைக் கெடுத்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

அடர்த்தியான ஊர்களுக்கு இடையே 150 கி.மீ. தூரத்திலேயே ரயில் காரை வெல்லத் தொடங்கும். பரந்த ஊர்களில் முனைகளில் விரயமாகும் நேரம் அந்தக் கீழ் எல்லையை 300 கி.மீ. பக்கம் தள்ளிவிடுகிறது. மேல் எல்லை வழக்கம்போல 700, 800 கி.மீ.; அதற்கு மேல் விமானத்தின் ராஜ்யம். நடுவில் இருக்கிற அந்தப் பட்டைக்குள் வருகிற ஜோடிகளுக்குத்தான் வாய்ப்பு.

நேரம் போக, பணக் கணக்கும் ஒன்று இருக்கிறது. காரில் ஒருவர் போனாலும் நான்கு பேர் போனாலும் பெட்ரோல் செலவு கிட்டத்தட்ட ஒன்றுதான். ரயிலில் தலைக்கு ஒரு டிக்கெட். அதனால் பிள்ளைகளோடு தாத்தா பாட்டியைப் பார்க்கப் போகும் குடும்பம் எந்நாளும் காரில்தான் போகும். தனியாகப் போகிற அலுவலகக்காரர், மாணவர், ஓட்டப் பிடிக்காத வயதானவர், ஓட்டும் நேரத்தில் வேலை பார்க்க நினைப்பவர் ஆகியோர்தான் ரயிலின் சந்தை. இது சின்னச் சந்தை கிடையாது. ஆனால் பயணிகள் கணிப்பில் எல்லாரையும் சேர்த்துக்கொண்டால் பின்னால் மானம் போகும்.

அடுத்து, ஸ்டேஷனை எங்கே வைப்பது. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. ரயில் ஆர்வலர்களுக்கு நடுநகரம்தான் வேண்டும், வேறு எதுவும் ஆகாது. பாரிஸுக்கு அது சரி. ஹூஸ்டனில் வேலைகள் நடுநகரம், கேலரியா வட்டாரம், மருத்துவ மையம், மேற்கே எண்ணெய் நிறுவனங்கள் இருக்கும் பகுதி என்று நான்கு திசையில் சிதறிக் கிடக்கின்றன. டெக்ஸஸ் சென்ட்ரல் தேர்ந்தெடுத்த இடம் நடுநகரம் இல்லை. வடமேற்கில், 610 சுற்றுச்சாலையும் 290-ஆம் நெடுஞ்சாலையும் சந்திக்கும் இடத்தில் இருந்த ஒரு பழைய வணிக வளாகம். பலர் குறை சொன்னார்கள். வரைபடத்தை வைத்துப் பார்த்தால் அந்த நான்கில் பாதிக்கு அது நடுநகரத்தைவிடப் பக்கம். பரந்த ஊரில் ஒரே ஒரு கம்பீரமான ஸ்டேஷனைவிட, நடுவில் ஒன்று, சுற்றுச்சாலையை ஒட்டி விசாலமான வாகன நிறுத்தத்தோடு இன்னொன்று என்று இரண்டு ஸ்டேஷன்கள் மேல். கூடுதலாக ஒரு நிறுத்தம் ஐந்தாறு நிமிடத்தைத் தின்னும். ஆனால் ஊரின் பாதிப் பேருக்கு அரை மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

ஃபுளோரிடாவில் பிரைட்லைன் இதை இன்னொரு விதமாகச் செய்தது. 2023 செப்டம்பரில் மயாமியிலிருந்து ஆர்லாண்டோ வரை ஓடத் தொடங்கிய அந்த ரயிலுக்கு ஆர்லாண்டோவில் ஸ்டேஷன், விமான நிலையத்துக்குள்ளேயே இருக்கிறது. வாடகைக் கார் கவுன்டர்கள், பஸ்கள், டாக்ஸிகள் எல்லாம் அங்கே ஏற்கெனவே தயார். புத்திசாலித்தனமான முடிவு. ஆனால் அது உண்மையான அதிவேக ரயில் இல்லை: உச்ச வேகம் 200 கி.மீ., பெரும்பகுதியில் அதைவிடக் குறைவு, முழுப் பயணம் சுமார் மூன்றரை மணி. காரும் கிட்டத்தட்ட அதே நேரம்தான் எடுக்கும். பயணிகள் வருகிறார்கள், ஆனால் நிறுவனம் கணித்த அளவுக்கு இல்லை; கடன் சுமை அழுத்துகிறது. ஸ்டேஷன் இடம் சரியாக இருந்தும் நேரத்தில் மிச்சம் இல்லையென்றால் இதுதான் நிலைமை.

‘முதலில் ரயில் வரட்டும், ஸ்டேஷனைச் சுற்றி ஊர் தானாக அடர்ந்துவிடும்’ என்று சொல்கிறவர்களும் உண்டு. நடப்பதும் உண்டு, நடக்காததும் உண்டு. வடக்கு பிரான்ஸில் அமியேனுக்கும் சேன்-கேன்டேனுக்கும் நடுவே வயல்வெளியில் கட்டிய ஓட்-பிக்கார்டி ஸ்டேஷனை அந்நாட்டுக்காரர்களே ‘பீட்ரூட் ஸ்டேஷன்’ என்று கேலி செய்தார்கள். எந்த உள்ளூர் ரயிலும் அதைத் தொடவில்லை. ஸ்பெயினில் குவாதலஹாரா பக்கம் ஊருக்கு வெளியே ஸ்டேஷன் கட்டி, அதை ஒட்டி ஒரு புதிய குடியிருப்பையும் எழுப்பினார்கள். 2008 நெருக்கடியில் அது பாதியில் நின்றது. மறுபக்கம், ஜப்பானின் ஷின்-யோகோஹாமா 1964-இல் வயல்களுக்கு நடுவே திறந்த ஸ்டேஷன். இன்று அது பெரிய அலுவலகப் பகுதி. ஆனால் நகரச் சுரங்க ரயில் அங்கே வந்து சேர 1985 ஆகிவிட்டது; வளர்ச்சி வேகம் பிடித்தது அதற்குப் பிறகுதான். லியோனில் பார்-டியூ ஸ்டேஷன் இரண்டாவது நடுநகரமாக மாறியதற்கும், மெட்ரோவையும் அலுவலகக் கட்டடங்களையும் ஸ்டேஷனோடு சேர்த்தே திட்டமிட்டதுதான் காரணம்.

இந்த விஷயத்தில் தைவான்தான் நல்ல பாடம். தைபே முதல் காவ்சியுங் வரை சுமார் 350 கி.மீ. பாதை 2007-இல் திறந்தது. தைச்சுங், சியாயி, தைனான் ஸ்டேஷன்கள் ஊருக்கு வெளியே. அந்த ஊர்களில் மக்கள் ஸ்கூட்டரிலும் காரிலும்தான் போய் வருவார்கள். முதல் ஆண்டில் வந்தவர்கள் சுமார் ஒன்றரைக் கோடிப் பேர். கணிப்போ அதைப்போலப் பல மடங்கு. நிறுவனம் கடனில் மூழ்கியது, 2015-இல் அரசு கைகொடுத்துத் தூக்கிவிட வேண்டியிருந்தது. இதற்கிடையில் ஸ்டேஷன்களிலிருந்து ஊருக்குள் இலவச பஸ் விட்டார்கள். 2011-இல் தைனான் ஸ்டேஷனுக்கு ஒரு கிளை ரயில் பாதை போட்டார்கள். தைபே–காவ்சியுங் விமானங்கள் 2012-இல் நின்றே போயின. 2023-இல் பயணிகள் 7 கோடியைத் தாண்டினார்கள். அதாவது முனைகளைப் பிறகு சரிசெய்துகொள்ளலாம், ஆனால் அதுவரை யாராவது நஷ்டத்தைத் தாங்க வேண்டும். தனியார் பணத்தில் மட்டும் கட்டுகிறவர்களுக்கு அந்தப் பொறுமை இருக்காது.

இடையில் ஒன்று. எல்லாப் ‘பரந்த’ ஊர்களும் ஒன்றில்லை. லாஸ் ஏஞ்சலஸ் நகர்ப்பரப்பு முழுவதையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் அது நியூயார்க் நகர்ப்பரப்பைவிட அடர்த்தி அதிகம். உயரமான கட்டடங்கள் குறைவு என்பதால் கண்ணுக்குத் தெரிவதில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த ஊரை அப்படிப் பரப்பியதே பசிஃபிக் எலக்ட்ரிக் என்ற மின்ரயில் நிறுவனம்தான். அட்லாண்டா அப்படியில்லை. லாஸ் ஏஞ்சலஸ் அடர்த்தியில் மூன்றில் ஒரு பங்குகூட அங்கே கிடையாது. ஒன்றுக்கு மெட்ரோவும் பஸ்ஸும் நீட்டினால் பலன் தெரியும், மற்றொன்றில் நீட்டிக்கொண்டே போக வேண்டியதுதான்.

இனி செலவு. பரந்த ஊர் ரயிலைக் கடுமையாக அடிக்கும் இடம் இதுதான், பலர் கவனிக்காத இடமும் இதுதான். திறந்த வெளியில் பாதை போடுவது எளிது. ஊரை நெருங்கும்போது 50, 60 கி.மீ. தூரத்துக்குப் புறநகர்தான்: நூற்றுக்கணக்கான சாலைக் குறுக்கீடுகள், ஒவ்வொன்றுக்கும் பாலம், நிலத்தடிக் குழாய்களை மாற்றும் வேலை, வழக்குகள். பிரெஞ்சுக்காரர்கள் 1981-இல் பாரிஸ்–லியோன் இடையே டிஜிவி என்ற தங்கள் அதிவேக ரயிலை விட்டபோது வெளியே புதுப்பாதை போட்டு, ஊருக்குள் பழைய தண்டவாளத்திலேயே நுழைந்தார்கள். அமெரிக்க ஊர்களிலும் பழைய தண்டவாளங்கள் இருக்கின்றன. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை யூனியன் பசிஃபிக், பிஎன்எஸ்எஃப் போன்ற சரக்கு ரயில் நிறுவனங்களின் சொத்து. அவர்களுக்குப் பயணிகள் ரயில் தொந்தரவு.

சரி, நெடுஞ்சாலை நடுவில் இருக்கும் காலி இடத்தில் போட்டுவிடலாமே? பிரைட்லைன் வெஸ்ட் அதைத்தான் செய்யப்போகிறது. நிலம் கையகப்படுத்தும் தலைவலி பெருமளவு போய்விடுகிறது. ஆனால் அதற்கான விலையை வேகத்தில் கொடுக்க வேண்டும். 300 கி.மீ. வேகத்துக்கு வளைவின் ஆரம் சுமார் 4 கி.மீ.யாவது வேண்டும். நெடுஞ்சாலைகள் ஒரு கி.மீ.க்கும் குறைந்த ஆரத்தில் திரும்பிவிடும். அதனால்தான் உச்ச வேகம் 320 கி.மீ. என்று சொல்லும் அந்தத் திட்டத்தில் 350 கி.மீ. பயணத்துக்கு இரண்டு மணி பத்து நிமிடம் ஆகும். சராசரி 160 கி.மீ.தான். வேகஸுக்கு அது போதும், ஞாயிறு மாலை நெரிசலில் நிற்கும் கார்தான் போட்டி என்பதால்.

கலிஃபோர்னியாவின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2008-இல் மக்கள் வாக்களித்து 995 கோடி டாலர் கடன் பத்திரத்துக்கு ஒப்புதல் கொடுத்தார்கள். சான் பிரான்சிஸ்கோவிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் இரண்டு மணி நாற்பது நிமிடம் என்பது வாக்குறுதி. அன்று சொன்ன செலவு சுமார் 3,300 கோடி டாலர். இன்று மதிப்பீடு 10,000 கோடியைத் தாண்டி நிற்கிறது. வேலை நடப்பதோ நடுப் பள்ளத்தாக்கில், மெர்செட்–பேக்கர்ஸ்ஃபீல்ட் இடையே 275 கி.மீ. தூரத்தில். நிலம் கைக்கு வருமுன் ஒப்பந்தம் போட்டது, ஆண்டுக்கு ஆண்டு நிதிக்காகக் கையேந்தியது என்று காரணங்கள் பல. இவற்றில் எதுவும் ஊர் பரந்து கிடப்பதால் வந்ததில்லை. பயணிகள் விஷயத்தில் பார்த்தால் அந்த நாட்டிலேயே பாஸ்டன்–நியூயார்க்–வாஷிங்டன் வடகிழக்குத் தடத்துக்கு அடுத்த வலுவான ஜோடி இதுதான்: தூரம் சரி, விமானப் போக்குவரத்து ஏராளம், ஒரு முனை சான் பிரான்சிஸ்கோ.

டெக்ஸஸ் இதற்கு நேர் எதிர். நிலம் சமதளம், தூரம் கச்சிதம், ஆனால் அரசியல் கூடி வரவே இல்லை. 1990-களின் தொடக்கத்தில் வந்த டெக்ஸஸ் டிஜிவி திட்டத்தை சவுத்வெஸ்ட் நிறுவனம் எதிர்த்தது. பணம் திரட்ட முடியாமல் 1994-இல் அது முடிந்தது. டெக்ஸஸ் சென்ட்ரலுக்கு 2020-இல் மத்திய ஒப்புதல் கிடைத்தது. நிலம் எடுக்கும் அதிகாரம் உண்டு என்று 2022-இல் மாநில உச்ச நீதிமன்றமும் சொன்னது. அதற்குள் கையில் பணம் இல்லை. பிறகு அமெரிக்காவின் தேசியப் பயணிகள் ரயில் நிறுவனமான ஆம்ட்ராக் கைகோத்தது. 2025 ஏப்ரலில் மத்திய அரசு இந்தத் திட்டத்துக்கான 6.39 கோடி டாலர் மானியத்தை ரத்து செய்தது.

என்னைக் கேட்டால், வேகஸ் தடமும் கலிஃபோர்னியாத் தடமும் கட்டி முடித்தால் நிரம்பும். டல்லாஸ்–ஹூஸ்டன், சுற்றுச்சாலை ஸ்டேஷன்களோடு பொதுப்பணத்தில் கட்டினால், தைவான் மாதிரி முதல் பத்தாண்டு திணறிப் பிறகு நிற்கும். அட்லாண்டா–சார்லட் தூரத்தில் பொருந்துகிறது, முனைகளில் இல்லை. நான் அவசரப்பட மாட்டேன். ஃபீனிக்ஸ்–டூசான் 180 கி.மீ.தான்; அங்கே மணிக்கு ஒரு முறை ஒழுங்காக ஓடும் 150 கி.மீ. வேகச் சாதாரண ரயில் போதும், செலவும் பல மடங்கு குறைவு.

கடைசியாக, ஓட்டுநர் இல்லாத டாக்ஸிகள் இந்தக் கணக்கை மாற்றாதா என்று அடுத்து யாராவது கேட்பார்கள். ஃபீனிக்ஸில் வேமோ என்ற நிறுவனம் 2020-இலிருந்தே அப்படி ஓட்டுகிறது. இது இரண்டு பக்கமும் வெட்டும். போய்ச்சேரும் முனையின் பிரச்சினையை அது மலிவாகத் தீர்க்கும். அந்த அளவில் ரயிலுக்கு லாபம். அதே சமயம், கார் தானாகவே நெடுஞ்சாலையில் ஓடி நீங்கள் பின்சீட்டில் தூங்க முடிந்தால், 385 கி.மீ. பயணம் இப்போது போல அலுப்பாக இருக்காது. அப்போதும் அது சாலை வேகத்தில்தான் போகும் என்பதால் 600 கி.மீ. தூரத்துக்கு ஐந்தாறு மணி நேரம் ஆகவே செய்யும். ஆகவே அந்த நாள் வந்தால், டல்லாஸ்–ஹூஸ்டன் மாதிரி குட்டையான தடங்கள் பலவீனப்படும், லாஸ் ஏஞ்சலஸ்–சான் பிரான்சிஸ்கோ மாதிரி நீளமானவை தாக்குப்பிடிக்கும் என்பது என் ஊகம்.